காரைக்காலில் ஒரு முறைதான் கேட்பார்கள்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த ‘ல’ எங்கே வரும் என்று இன்றைக்கும் தெரியாது. முப்பது வருடம் எண்ணெய் ஆலையில் கொதிகலன் பக்கத்தில் நின்றதில் விரல்கள் தடித்துவிட்டன, பேனா சொன்னபடி கேட்பதில்லை. அச்சில் போடுகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மலேசியாவிலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் கோயில் பார்க்கப் போவார்கள், கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போவார்கள். நான் என் சுண்டுவிரலைப் பற்றி ஒருவரிடம் சொல்லப் போனேன். அது என்ன என்று சொல்லாமல் மேலே போனால் யாருக்கும் புரியாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் தீபாவளிக் கிண்ணத்துக்குக் கைப்பந்துப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டம் எங்கள் குழுவுக்கும் பக்கத்து மரச்சாமான் தொழிற்சாலைக் குழுவுக்கும். அவர்கள் ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தவர்கள், முக்கால்வாசி காரைக்கால் பக்கத்து ஆட்கள். ஜெயிக்கிற குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தோட்டத்துத் திடல் சொந்தம். எங்களுக்கு வீடு வாசல் இருந்தது, திடல் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை போகும். அவர்களுக்கு அந்தத் திடலை விட்டால் தங்கியிருந்த கன்டெய்னருக்குள் அடுக்கிப் போட்ட இரும்புக் கட்டில்தான்.

கடைசிச் சுற்று. எங்களுக்குப் பதினான்கு, அவர்களுக்குப் பதின்மூன்று. அவர்கள் தலைவர் ஜபருல்லா எழும்பிப் பந்தை ஓங்கி அடித்தார். நான் நெட்டையன், வலைக்கு மேலே இரண்டு கையையும் விரித்துத் தடுத்தேன். பந்து என் சுண்டுவிரல் நுனியை உரசிக்கொண்டு போய்ப் பின்கோட்டுக்கு வெளியே விழுந்தது. என் கை பட்டிருந்தால் புள்ளி அவர்களுக்கு, ஆட்டம் சமம். படாவிட்டால் கிண்ணம் எங்களுக்கு. மேலே உட்கார்ந்திருந்த நடுவர் கவனிக்கவில்லை. கோட்டோரம் கொடி பிடித்தவர் பட்டது என்று சைகை காட்டினார். நடுவர் தயங்கினார். அந்த நேரத்தில் ஜபருல்லா வலைக்குப் பக்கத்தில் வந்து என்னிடம், “அண்ணே, கை பட்டுச்சா?” என்று கேட்டார்.

நான் நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவன். அன்றைக்குத் திடலே என் வாயைப் பார்த்தது. பின்னால் எங்கள் தலைவர் “மணியம்” என்று மெதுவாகக் கூப்பிட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான், “படலை” என்றேன்.

“அவரு படலைங்கிறாரு. விடுங்க சார்” என்று நடுவரிடம் சொல்லிவிட்டு, ஜபருல்லா வலைக்குக் கீழே கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உரசின அதே கை.

மற்றது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொடிக்காரரைக் கேட்டிருந்தால் புள்ளி கிடைத்திருக்கும், எதிரியைக் கேட்டுக் கெடுத்தவன் ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று அவருடைய ஆட்களே பேசினார்களாம். ஒரு மாதம் அவரோடு யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை. தாங்க முடியாமல் அவர் வேறு ஒரு கட்டட வேலைக்கு மாற்றிக்கொண்டு போனார். அங்கே சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

போன வருடம் எங்கள் தலைவர் காலமானார். ஆட்டத்தை முடித்தவன் நீதானே என்று அவர் மனைவி கிண்ணத்தை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை. மளிகைக் கடையில் அந்தத் தொழிற்சாலையின் பழைய தொழிலாளி ஒருவரிடம் ஜபருல்லாவின் முகவரியை எழுதி வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரைக்கால் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். எங்கள் ஊர் வெயில் ஈரத் துணி மாதிரி உடம்பில் ஒட்டும். இங்கே அடுப்பைத் திறந்தாற்போல் முகத்தில் அடித்தது. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே ஒரு ஆட்டோக்காரர் என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். “மலேசியாவா சார்? ஏறுங்க, நாளைக்குக் கூட்டம் தாங்காது, இன்னைக்கே பார்த்துடலாம்” என்றார்.

திருநள்ளாற்றுச் சனீஸ்வரனைச் சொல்கிறார் என்று பாதி வழியில்தான் விளங்கியது. அதற்கு வரவில்லை என்று சொல்ல மீதி வழி இருந்தது. வாய் வரவில்லை. கோயில் வாசலில் இறங்கிக்கொண்டேன். ஒரு அம்மா எள் விளக்கை என் கையில் வைத்தார். அதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் ஏற்றினேன்.

“ஏழரையா, அஷ்டமமா?” என்று கேட்டார்.

“ஆறு வருசம்” என்றேன்.

“அப்ப ஏழரைதான். இன்னும் ஒன்றரை வருசம், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுங்க” என்று ஆறுதல் சொன்னார்.

திரும்பிப் பேருந்தில் நின்றபடி வந்தேன். தங்கும் விடுதியில் எல்லா அறையும் சனீஸ்வரன் பக்தர்களுக்குப் போய், மாடிப்படி ஓரம் ஒன்று மிச்சமிருந்தது. தேநீர்க் கடையில் இறால் வைத்துப் பொரித்த வாடா என்ற பலகாரம் சுடச்சுடக் கிடைத்தது, இரண்டு தின்றேன். எங்கள் பக்கம் தேத்தண்ணியை ஒரு முழம் இழுத்துப் பெரிய கோப்பையில் ஊற்றுவார்கள். இங்கே விரல் உயரக் கண்ணாடி டம்ளர். நாக்கில் பட்டுத் தொண்டைக்குப் போவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

சனிக்கிழமை காலையில் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் மூன்று முறை போய்வந்து, நாலாவது முறை நின்றேன். ஜபருல்லாவின் மனைவி கதீஜா யார் என்று கேட்டு வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து, “மணியண்ணனா? அந்த உயரம் வேற யாருக்கு இருக்கு? உள்ள வரச் சொல்லு” என்று சத்தம் வந்தது.

கட்டிலைத் தெருவைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். அவர் மேல் உடம்பு அப்படியே இருந்தது, அடிக்கிற தோள். போர்வைக்குக் கீழே ஒன்றும் இல்லாதது மாதிரி தட்டையாக இருந்தது. தெருவில் பைக் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திக் கழுத்தைத் திருப்புவார். வண்டி தாண்டிப் போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார். முதலில் எனக்கு அது விளங்கவில்லை.

எங்கள் தோட்டத்தைப் பற்றி விசாரித்தார். நடுவருடைய முட்டிவலி போயிற்றா என்றுகூடக் கேட்டார். மத்தியானம் நெய்ச்சோறும் தாளிச்சாவும் போட்டார்கள். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கறித்துண்டை அவர் தட்டிலிருந்து எடுத்து என் தட்டில் வைத்தார். சொல்ல வந்ததை உள்ளே வைத்துக்கொண்டே தின்றேன். சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் சொன்னேன்.

“அன்னைக்குக் கை பட்டுச்சு தம்பி.”

“தெரியும்ணே. சத்தம் கேட்டுச்சு” என்றார்.

தெரிந்தும் ஏன் கேட்டார் என்று கேட்டேன். அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். காரைக்கால், கோட்டுச்சேரி, திருநள்ளாறு என்று சுற்றுவட்டத்தில் எந்தத் திடலிலும் இதுதான் பழக்கமாம். பந்து பட்டவன் தானே கையைத் தூக்குவான். தூக்காவிட்டால் எதிர்க்குழுத் தலைவன் ஒரு முறை போய்க் கேட்கலாம். அவன் சொல்வதோடு சரி. இரண்டாவது முறை கேட்பது கேட்கிறவனுக்குத்தான் அசிங்கம். அதை அவர் எங்கள் தோட்டத்திலும் செய்தார். அங்கே அந்தப் பழக்கம் கிடையாது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“கேட்டா சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க சொல்லலை. சரி, அவருக்கு என்ன கஷ்டமோன்னு விட்டுட்டேன்.”

எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. அதைத்தான் சொல்ல முடியவில்லை.

தட்டை எடுக்க வந்த கதீஜா நின்றுவிட்டார். சத்தம் போடவில்லை. “ஒரு விரலுண்ணே. அதைக் கொஞ்சம் தூக்கியிருந்தாப் போதும்ல” என்றார். உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார், சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

கிளம்பும்போது ஜபருல்லா ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். அந்தக் குழுவில் அவருக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவர் செல்வம், சுரக்குடிக்காரர். ஊரில் இருவரும் எதிரெதிர் குழுவில் ஆடி வளர்ந்தவர்கள். மலேசியாவில் ஒரே குழுவில் சேர்ந்த பிறகு ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள். செல்வமும் ஊர் திரும்பி நாலு வருடம் ஆகிறது. பைக்கில் அரை மணி தூரம்கூட இல்லை. ஒருநாளும் வரவில்லை.

“எங்கிட்ட சொன்னதை அவன்கிட்ட சொல்லுங்கண்ணே. நான் விக்கலைன்னு அவனுக்குத் தெரியணும். ஒரு தடவை இந்த வாசல்ல வந்து நின்னாப் போதும்.”

பைக் சத்தத்துக்குக் கழுத்து ஏன் திரும்புகிறது என்று அப்போது விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை சுரக்குடிப் பேருந்தில் ஏறினேன். சனிக்கிழமைக் கூட்டத்தின் மிச்சம் முழுக்க அதில் இருந்தது. திருநள்ளாற்றில் எல்லாரும் இறங்கினபோது என்னையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து நான் வெளியே வருவதற்குள் பேருந்து போய்விட்டது. சனீஸ்வரன் என்னை விடுவதாக இல்லை என்று நினைத்துக்கொண்டு மீதியை நடந்தேன். எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம், வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும். இங்கே வாய்க்காலில் தண்ணீர் வராமல் வயல் வெடித்துக் கிடந்தது, வானம் மட்டும் நிறைய இருந்தது.

செல்வம் என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். முகம் மாறியது. இருந்தாலும் வாங்க என்றார். செம்பில் தண்ணீர் கொடுத்து, வெயிலில் நடந்தா வந்தீர்கள் என்று கடிந்துகொண்டார், கெண்டை மீன் குழம்போடு சோறு போடச் சொன்னார். சொல்ல வந்ததைச் சாப்பிடும் முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஜபருல்லா வீட்டில் தெரிந்துகொண்ட பாடம் அது.

அவர் செம்பை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, “ஜபரு அனுப்பினானா?” என்று கேட்டார்.

மலேசியாவிலிருந்து நானாக வந்தேன், இங்கே வரச் சொன்னது அவர்தான் என்றேன்.

“அதான பார்த்தேன். அன்னைக்குப் படலைன்னீங்க, அவன் நம்பினான். இன்னைக்குப் பட்டுச்சுங்கிறீங்க, நான் நம்பணுமா?”

 பதினான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கன்டெய்னருக்குள் கிடந்ததை அவர் சொன்னார். தகரம் காய்ந்து, உள்ளே உட்காரவும் முடியாமல் வெளியே போக இடமும் இல்லாமல் இருந்ததைச் சொன்னார். திடலில் நாங்கள் சிரிக்கிற சத்தம் அவர்களுக்குக் கேட்குமாம். அந்த வருடத்தில் பாதி ஞாயிறுகள் நாங்கள் திடலுக்குப் போகவே இல்லை. அதை நான் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் சுரக்குடிக் குழுவுக்குக் கோட்டுச்சேரியில் ஆட்டம் இருந்தது. செல்வம்தான் தலைவர். வந்தவரை விட்டுவிட்டுப் போக முடியாது என்று என்னையும் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டார்.  என் கால் நீளம், மண்ணில் தேயாமல் தூக்கிப் பிடித்தே வந்தேன்.

திடலைச் சுற்றிக் கேலியும் கூத்தும். “சுரக்குடிக்கு வயல்லதான் தண்ணி இல்ல, கையிலயும் தெம்பு இல்லையா?” என்று ஒருவர். “உங்க ஊரு பந்தாடா இது, பூசணிக்காயா?” என்று இந்தப் பக்கத்திலிருந்து பதில். இரண்டு குழுவுக்கும் குடிக்க ஒரே தண்ணீர்க் குடம், ஒரே டம்ளர். மூன்றாம் சுற்றில் சுரக்குடிக்காரர் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கோட்டுச்சேரித் தலைவர் வலைக்குக் கீழே நுழைந்து வந்து, அவர் காலைத் தன் மடியில் போட்டு நீவிவிட்டார். திட்டிக்கொண்டேதான் நீவினார்.

கடைசிச் சுற்று. செல்வம் கொடுத்த பந்தைச் சுரக்குடிக்காரர் அடித்தார். கோட்டுச்சேரியில் ஒரு உயரமான ஆள் தடுக்க எழும்பினார். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. நடுவர் விசில் ஊதிக் கோட்டுச்சேரிக்குப் புள்ளி கொடுத்தார். சொந்த ஊர்ச் சனம் எழுந்து நின்று கத்தியது.

அந்த ஆள் வலது கையைத் தூக்கினார்.

யாரும் அவரைக் கேட்கவில்லை. கீழே இறங்கின கால் மண்ணில் படும்போதே கை மேலே போய்விட்டது. நடுவர் புள்ளியை மாற்றினார். கூட்டம் உட்கார்ந்தது. அவருடைய ஆட்கள் ஒருவர்கூட அவரை முறைக்கவில்லை. செல்வம் வலைக்கு அடியில் கையை விட்டு அவர் வயிற்றில் லேசாகத் தட்டினார். இரண்டு புள்ளியில் சுரக்குடி ஜெயித்துவிட்டது. தோற்ற கோட்டுச்சேரிக்காரர்கள்தான் எல்லாருக்கும் எலுமிச்சம் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள்.

நான் ஓரத்தில் நின்றிருந்தேன். பத்திருபது பேர் வட்டமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் அந்தப் பழைய தொழிற்சாலைக் குழுவின் ஆட்கள், முகம் எனக்கு நினைவிருந்தது. இங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வாய் திறக்கவில்லை. வாய் எனக்கு என்றைக்குத் திறந்தது. அதனால் கையைத் தூக்கினேன். ஆறு வருடத்துக்கு முன்னால் தூக்கியிருக்க வேண்டிய கை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “மலேசியா அண்ணனுக்குத் தண்ணி வேணும் போல” என்றார் ஒருவர். ஒருவர் குடத்துப் பக்கம் எழுந்தார். செல்வம் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தானே டம்ளரில் மொண்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

“கையை எறக்குங்க. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கிட்டு அவன் பக்கத்துலேருந்து முதல்ல எந்திரிச்சவன் நான். நீங்க சொல்றது நெசம்னா, அந்தச் சாரத்துல அவனை ஏத்தினது நான்தான். அதை வச்சுக்கிட்டு அந்த வாசல்ல எப்புடிங்க நிப்பேன்?”

டம்ளரை வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்ய. அவர் என்னைக் காரைக்கால் வரை கொண்டுவந்து விடுதி வாசலில் இறக்கினார். ஜபருல்லா வீட்டுத் தெருவைத் தாண்டித்தான் வர வேண்டும். வண்டி அங்கே வேகம் கூடியது.

திங்கட்கிழமை மத்தியானம் நான் கிளம்ப வேண்டும். காலையில் சொல்லிக்கொள்ளப் போனேன். கட்டில் அதே இடத்தில். அவர் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. நான் ஒற்றை ஆள்.

“செல்வம் வரேன்னானாண்ணே?” என்றார்.

அவர் தலைக்குப் பின்னால் கதீஜா நின்றார். அவர் கண் என்னைப் பார்த்துக் கெஞ்சியது. ஆமாம் என்று சொல்லிவிடு, நீ விமானம் ஏறிப் போய்விடுவாய், இவர் இன்னும் கொஞ்ச நாள் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று அந்தக் கண் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்காகச் சொன்ன பொய் ஒன்று. இப்போது அவருக்காகச் சொல்ல ஒன்று தயாராக நாக்கில் இருந்தது.

“வர முடியாதுன்னுட்டாரு தம்பி” என்றேன்.

கதீஜா உள்ளே போய்விட்டார்.

ஜபருல்லா இரண்டாவது முறை கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். நேற்று யார் ஜெயித்தார்கள் என்று கேட்டார். கோட்டுச்சேரி ஆள் கை தூக்கியதைச் சொன்னேன். “அந்த நெட்டையனா? அவன் எப்பவும் தூக்கிடுவான்ணே” என்று சிரித்தார். தெருவில் ஒரு பைக் வந்தது. பேச்சை நிறுத்தினார். கழுத்துத் திரும்பியது. பைக் போய்விட்டது. அதற்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து அவர் பேசவில்லை.

உண்மை சொன்னால் பாரம் இறங்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இறங்கவில்லை. நான் கொண்டுபோனதை மூன்று பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தது மாதிரித்தான் இருக்கிறது. என் பங்கும் அப்படியே இருக்கிறது.

வெள்ளிக்கிழமைதோறும் அவருக்குத் தொலைபேசியில் பேசுகிறேன். வெயில், மழை, கதீஜாவின் தையல் வேலை, எங்கள் ஆலை என்று பேச்சு ஓடுகிறது. செல்வம் வந்தாரா என்று கேட்க வேண்டும். ஒரு முறைதான் கேட்கலாம், அவர் சொல்வதோடு சரி. பதினொரு வெள்ளிக்கிழமை போய்விட்டது. இன்னும் கேட்கவில்லை.

இதை எழுதுகிற மேசையிலிருந்து திடல் தெரிகிறது. எங்கள் ஆட்களுக்கு வயதாகிவிட்டது, இளையவர்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். வாசலில் பூட்டுத் தொங்குகிறது. வலைக் கம்பம் இரண்டும் துருப்பிடித்து நிற்கின்றன. உள்ளே யாரும் இல்லை. இன்றைக்கு 2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை.